பிஞ்சு வயதும் தூக்குக் கயிறும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் நிகழ்த்திய உரை)

    

வெள்ளி விழா மகிழ்ச்சிக்குரிய நாள். இந்நாளில் தூக்குக் கயிற்றைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். இக்கழகத்தின் மாலைப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் 13 வயதிற்கும் 18 வயதிற்கும் இடைப்பட்டவர்கள். அந்த வயதில் மனித மூளையில் என்ன நிகழ்கிறது, அதைச் சட்டம் எவ்வாறு கணக்கில் கொள்கிறது, கொள்ளத் தவறினால் யாருடைய பிள்ளை பலியாகிறது என்பவற்றை அறிந்துகொள்வது நமக்கு உயிர்ப் பிரச்சினை. ஆகவேதான் இப்பொருளைத் தேர்ந்துகொண்டோம்.

முதலில் கடல் கடந்த ஒரு நாட்டிற்குச் செல்வோம். அமெரிக்க ஐக்கிய நாடுகளில், தென் கரோலினா மாநிலத்தில், அல்கோலு என்றொரு சிற்றூர். மர ஆலையைச் சுற்றி அமைந்த ஊர். வெள்ளையர் குடியிருப்பு ஒருபுறம், கறுப்பர் குடியிருப்பு மறுபுறம். இடையில் இருப்புப்பாதை. ஊரும் சேரியுமாகப் பிரிந்து கிடக்கும் மண்ணில் பிறந்த நமக்கு அந்த அமைப்பை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

1944ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அவ்வூரில் இரண்டு வெள்ளைச் சிறுமியர் கொலையுண்டனர். ஜார்ஜ் ஸ்டின்னி என்னும் 14 வயதுக் கறுப்பினச் சிறுவன் கைது செய்யப்பட்டான். பெற்றோரும் இன்றி, வழக்கறிஞரும் இன்றி அவன் விசாரிக்கப்பட்டான். குற்றத்தை ஒப்புக்கொண்டான் என்று காவலர் கூறினர். ஆயின் அவன் கையொப்பமிட்ட வாக்குமூலம் எதுவும் ஏட்டில் இல்லை. ஆலையில் வேலை செய்த தந்தையின் பிழைப்பு பறிபோயிற்று. குடும்பமே இரவோடிரவாக ஊரை விட்டு ஓடிற்று. ஏப்ரல் 24ஆம் நாள், ஒரே நாளில் வழக்கு முடிந்தது. முழுவதும் வெள்ளையரைக் கொண்ட நடுவர் குழு ஏறத்தாழப் பத்து நிமிடம் கலந்து பேசிக் குற்றவாளி என்றது. மேல்முறையீடு இல்லை. ஜூன் 16ஆம் நாள் மின் நாற்காலியில் அச்சிறுவன் கொல்லப்பட்டான். பெரியவர்க்கென்று செய்த அந்த நாற்காலிக்கு அவன் உடல் போதவில்லை.

70 ஆண்டுகள் கழித்து, 2014ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் நாள், கார்மென் முல்லன் என்னும் நீதிபதி அத்தீர்ப்பை நீக்கினார். முறையான நீதி விசாரணை அச்சிறுவனுக்குக் கிட்டவில்லை என்பது அவர் கண்ட முடிவு. தீர்ப்பை நீக்கலாம், உயிரைத் திருப்பித் தர எந்த நீதிமன்றத்தாலும் இயலாது. இதை மனத்தில் இருத்திக்கொண்டு மேலே செல்வோம்.

அமெரிக்க உச்சநீதிமன்றம் இவ்விஷயத்தில் மெள்ள மெள்ளவே நகர்ந்தது. 1988இல் தாம்சன் வழக்கில், குற்றம் நிகழ்ந்தபோது 16 வயது நிரம்பாதவர்க்கு மரண தண்டனை கூடாது என்றது. மறு ஆண்டே, 1989இல், ஸ்டான்ஃபோர்டு வழக்கில் 16, 17 வயதினரைக் கொல்லத் தடையில்லை என்றது. 1985 முதல் 2003 வரை, 18 வயதிற்கு முன் செய்த குற்றத்திற்காக 22 பேர் அந்நாட்டில் கொல்லப்பட்டனர். அவர்களுள் 13 பேர் டெக்சாஸ் மாநிலத்தில்.

இதற்கு முடிவு கட்டியது ரோப்பர் எதிர் சிம்மன்ஸ் வழக்கு. அது எளிய வழக்கன்று. மிசௌரி மாநிலத்தில் 1993இல், 17 வயது இளைஞன் ஒருவன் ஒரு பெண்மணியை வீடு புகுந்து பிடித்துக் கட்டிப் பாலத்திலிருந்து ஆற்றில் தள்ளிக் கொன்றான். வெறி மிகுந்த ஒரு நொடியில் நிகழ்ந்த செயலன்று அது, முன்கூட்டியே திட்டமிட்டது. சிறுவர் என்பதால் தப்பித்துக்கொள்ளலாம் என்று தன்னினும் இளைய தோழர்களிடம் அவன் சொன்னதாகவும் வழக்கில் வெளிப்பட்டது. நல்ல பிள்ளை ஒருவனை எடுத்துக்காட்டி இரக்கம் கேட்பது எளிது. ஆனால் இத்தகைய கொடுஞ்செயல் புரிந்தவன் வழக்கிலேயே கொள்கை சோதிக்கப்பட்டது. அதனால்தான் இதைச் சொல்லுகிறோம்.

2005ஆம் ஆண்டு மார்ச்சு 1ஆம் நாள் ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. 18 வயதிற்குமுன் செய்த குற்றத்திற்கு எவர்க்கும் மரண தண்டனை விதிக்கலாகாது என்று நீதிபதி ஆன்டனி கென்னடி எழுதினார். அவர் காட்டிய காரணங்கள் மூன்று. இளையோரிடம் முதிர்ச்சியும் பொறுப்புணர்ச்சியும் குறைவு. ஆகவே அவர்கள் எண்ணிப் பாராது துணிகின்றனர். தோழர்களின் தூண்டுதலுக்கும் சூழலின் நெருக்குதலுக்கும் அவர்கள் எளிதில் ஆட்படுகின்றனர். தீய சூழலை விட்டு வெளியேறும் உரிமையும் அவர்கட்கு இல்லை. அவர்தம் குணம் இன்னும் உருப்பெற்று முடியவில்லை. ஆகவே இன்று செய்த கொடுமையை வைத்து என்றும் இவன் கொடியனே என முத்திரை குத்த இயலாது.

அவ்வாறாயின் வழக்குக்கு வழக்கு வயதை எடை போட்டால் போதாதா, ஒட்டுமொத்த விதி எதற்கு என்ற வினா எழுந்தது. அதற்கு விடை அந்த வழக்கின் ஏட்டிலேயே இருந்தது. இளமையைக் கருணைக்குரிய காரணமாகக் கொள்ளுங்கள் என்று எதிர்த்தரப்பு வேண்டியபோது, 17 வயதில் இத்தனைக் கொடூரமா, இது அச்சமூட்டவில்லையா என்று அரசு வழக்கறிஞர் நடுவர்களிடம் கேட்டார். கருணைக்குரிய காரணம் தண்டனைக்குரிய காரணமாகத் தலைகீழாயிற்று. இரத்தம் தோய்ந்த படங்களைக் கண்ட நெஞ்சங்கள் வயதை நடுநிலையோடு நிறுக்க மாட்டா என்பதால்தான் கோடு ஒன்று கிழிக்கப்பட்டது. அத்தீர்ப்பால் 70க்கும் மேற்பட்டோர் கொலைக்களத்திலிருந்து மீண்டனர்.

இனி அறிவியலுக்கு வருவோம். 1990களில் காந்த அதிர்வுப் படக்கருவியின் துணையால், உயிருள்ள பிள்ளைகளின் மூளையைத் தீங்கின்றிப் பல ஆண்டுகள் தொடர்ந்து படமெடுக்க வழி பிறந்தது. அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவனத்தில் ஜே கீட் என்பாரும் அவர்தம் தோழரும் 1999இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் ஒரு மைல்கல். தலையின் அளவு ஆறேழு வயதிலேயே பெரும்பாலும் நிரம்பிவிடுகிறது. ஆகவே மூளையின் வளர்ச்சியும் அப்போதே முடிந்துவிடுகிறது என்று முன்பு பலர் எண்ணினர். அப்படியன்று என்று படங்கள் காட்டின. நெற்றிக்குப் பின்னே உள்ள முன்மடலில் சாம்பல் நிறப் பொருள் 11, 12 வயதுவரை பெருகிப் பின்னர்க் குறையத் தொடங்குகிறது.

குறைவது கேடன்று. நெருக்கமாக முளைத்த பயிரைக் கலைத்துவிட்டால்தான் எஞ்சிய பயிர் தூர் கட்டும் என்பதை உழவர் குடியிற் பிறந்த நாம் அறிவோம். மூளையும் அதைத்தான் செய்கிறது. பயன்படாத நரம்பிணைப்புகள் உதிர்கின்றன, பயன்படுபவை வலுப்பெறுகின்றன. கூடவே நரம்பிழைகளின் மேல் மயலின் என்னும் கொழுப்புறை படிகிறது. செய்திகள் விரைந்து செல்கின்றன. இப்பணி மூளையின் எல்லாப் பகுதியிலும் ஒருங்கே முடிவதில்லை. பார்த்தல், உடலை இயக்கல் முதலியவற்றிற்குரிய பகுதிகள் முன்னே முதிர்கின்றன. விளைவை எண்ணிப் பார்த்தல், உந்துதலை அடக்குதல், பலவற்றைச் சீர்தூக்குதல் ஆகியவற்றிற்குரிய முன்மடல் கடைசியில் முதிர்கிறது. அது 20 வயதைக் கடந்தும் தொடர்கிறது.

ஆனால் இன்பத்தையும் பரிசையும் நாடும் உட்பகுதிகளும், அச்சத்தையும் சினத்தையும் எழுப்பும் அமிக்டலா என்னும் பகுதியும் பூப்புப் பருவத்திலேயே கிளர்ச்சி பெற்றுவிடுகின்றன. கடிவாளம் முறுக்கேறுமுன் குதிரை விரைவு கொண்டுவிடுகிறது. குமரப் பருவத்தின் தத்தளிப்பு இந்த இடைவெளியில்தான் பிறக்கிறது.

தோழர் கூட்டத்தின் வலிமையை லாரன்ஸ் ஸ்டைன்பர்க் என்னும் உளவியலறிஞரும் அவருடன் பணியாற்றியவரும் 2005இல் ஒரு சோதனையால் விளக்கினர். மூன்று வயதுப் பிரிவினர்க்குக் கார் ஓட்டும் விளையாட்டு ஒன்றைத் திரையில் கொடுத்தனர். தனியே ஆடியபோது வயதிற்கேற்ற வேறுபாடு மிகுதியாகத் தோன்றவில்லை. தோழர் பார்த்துக்கொண்டிருக்க ஆடியபோது 13 முதல் 16 வயதினர் துணிந்த ஆபத்து ஏறத்தாழ இருமடங்காயிற்று. 24 வயதைக் கடந்தவர்க்கு யார் பார்த்தாலும் வேறுபாடில்லை. குமரப் பருவத்தினர் குற்றங்களில் பெரும்பாலானவை கூட்டமாகவே நிகழ்வதன் காரணத்தை இது ஓரளவு விளக்குகிறது.

டெரி மோஃபிட் என்னும் அறிஞர் 1993இல் மற்றொரு வேறுபாட்டைச் சுட்டினார். சிறுவயது முதல் முதுமைவரை தீய வழியில் செல்வோர் மிகச் சிலர். குமரப் பருவத்தில் தடம் புரண்டு பின்னர்த் தாமே திருந்துவோர் மிகப் பலர். 16 வயதில் இருசாராரும் ஒன்றுபோலவே தோன்றுவர். இவன் எவ்வகை என்று அன்றே பிரித்துக் கூறும் கருவி எவரிடமும் இல்லை.

இங்கு நேர்மையாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இவையெல்லாம் பலருடைய சராசரி. தனியொருவனுடைய மூளைப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு இவன் பொறுப்புடையவன், இவன் பொறுப்பற்றவன் என்று எந்த மருத்துவராலும் கூற இயலாது. 18ஆம் பிறந்த நாளன்று மூளையில் எந்த மணியும் அடிப்பதில்லை. 25 வயதும் மந்திர எண் அன்று. 18 என்பது சட்டம் வகுத்த வரப்பு. ஆயினும் வரப்பில்லாத நிலத்தில் வலியவன் ஏர்தான் ஓடும்; எளியவனைக் காப்பது வரப்பே.

எதிர்வாதங்களையும் நாம் புறக்கணிக்கலாகாது. ரோப்பர் வழக்கில் மறுப்புத் தீர்ப்பு எழுதிய நீதிபதி ஸ்கேலியா கூர்மையான ஒரு வினாவை எழுப்பினார். கருக்கலைப்புப் பற்றித் தானே முடிவெடுக்கும் ஆற்றல் குமரப் பருவப் பெண்ணுக்கு உண்டு என்று முன்பொரு வழக்கில் வாதிட்ட உளவியலாளர் சங்கம், கொலை வழக்கில் மட்டும் அவர்கட்கு முதிர்ச்சியில்லை என்பது முரண் அல்லவா என்றார். இதற்கு ஸ்டைன்பர்க் முதலானோர் விடையிறுத்தனர். அமைதியாக அமர்ந்து, தகவலறிந்து, பெரியோரைக் கலந்து எண்ணும்போது 16 வயதினரின் அறிவு பெரியவரின் அறிவிற்குக் குறைந்ததன்று. வெகுளியும் வேகமும் தோழர் கூட்டமும் சூழ்ந்த வேளையில்தான் அவர்கள் தடுமாறுகின்றனர். எனவே, இளைஞர்களே, உங்கட்கு அறிவில்லை என்று இவ்வறிவியல் கூறவில்லை. அறிவு வந்த பின்னரும் அடக்கம் வர நாளாகும் என்றே கூறுகிறது.

மற்றொரு வாதம் இதனினும் கனமானது. கொலையுண்டவரின் தாய்க்கு என்ன விடை? இவ்வினாவை நாம் எளிதாகக் கடந்து செல்ல முடியாது. வெட்டுண்டும் எரியுண்டும் போன உறவினரை அடக்கம் செய்த சமுதாயம் நம்முடையது. நமது விடை இது: குறைந்த பொறுப்பு என்பது பொறுப்பின்மை அன்று. சிம்மன்ஸ் விடுதலை பெறவில்லை. அவனுக்கு ஆயுள் சிறை விதிக்கப்பட்டிருந்தது. குற்றத்திற்குத் தண்டனை வேண்டும்; ஆனால் முழு வளர்ச்சி பெற்றவனுக்குரிய உச்சத் தண்டனையை, வளர்ந்துகொண்டிருப்பவன்மேல் ஏற்றுதல் நீதியாகாது.

நம் நாட்டின் நிலை யாது? சென்னை மாகாணத்தில் 1920ஆம் ஆண்டிலேயே சிறுவர் சட்டம் இயற்றப்பட்டது. 1986ஆம் ஆண்டின் இந்தியச் சட்டம் ஆண்பிள்ளைக்கு 16 வயது, பெண்பிள்ளைக்கு 18 வயது என வரையறுத்தது. 2000ஆம் ஆண்டின் சட்டம் இருபாலர்க்கும் 18 என்றது. 2012இல் தில்லியில் நிகழ்ந்த கொடுமைக்குப் பின்னர் எழுந்த கொந்தளிப்பில் 2015ஆம் ஆண்டுச் சட்டம் பிறந்தது. கொடுங்குற்றம் செய்ததாகச் சொல்லப்படும் 16 முதல் 18 வயதினரை, சிறார் நீதிக் குழுமம் மதிப்பிட்ட பின்னர், பெரியவரைப் போல் விசாரிக்க அது இடம் தருகிறது. அப்போதும் மரண தண்டனையோ, விடுதலைக்கு வழியே இல்லாத ஆயுள் தண்டனையோ விதிக்கலாகாது என்று 21ஆம் பிரிவு தடுக்கிறது.

சட்டம் நன்று, ஆயின் அது யாரைச் சென்றடைகிறது? தில்லி தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் 2016இல் வெளியிட்ட மரண தண்டனை அறிக்கையின்படி, தூக்குக் கைதிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் பட்டியல் இனத்தவர் அல்லது பழங்குடியினர். மேனிலைப் படிப்பை எட்டுமுன்பே பள்ளியை விட்டவரும், பள்ளி வாயிலையே மிதியாதவரும் சேர்ந்து பெரும்பான்மையினர். 1949ஆம் ஆண்டு ஜூன் 3ஆம் நாள் அரசியல் நிர்ணய சபையில் அண்ணல் அம்பேத்கர் அவர்கள், மரண தண்டனையையே ஒழித்துவிடுவது நன்று என்ற கருத்தை வெளியிட்டார். அந்தத் தீர்க்கதரிசியின் சொல் யாரைக் கருதியது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

இப்போது நம் வீட்டுத் திண்ணைக்கு வருவோம். 1994இல் புனே நகரில் நிகழ்ந்த ஒரு கொலை வழக்கில், ராஜஸ்தானத்து ஏழை ஒருவர் வயது வந்தவராகவே கருதப்பட்டுத் தூக்குத் தண்டனை பெற்றார். உச்சநீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 2023ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அதே உச்சநீதிமன்றம் அவரை விடுவித்தது. ஏன்? குற்றம் நிகழ்ந்தபோது அவருக்கு வயது பன்னிரண்டரை. 28 ஆண்டுகள் சிறையில் கழிந்துவிட்டன. அவரைக் காத்தது எது? ஊர்ப் பள்ளிக்கூடத்தின் பழைய பதிவேடு.

பெரியோர்களே, நம் தெருப் பிள்ளைகளின் பிறந்த நாள் எவ்வாறு எழுதப்பட்டது என்பதை நினைத்துப் பாருங்கள். வலக்கையைத் தலைக்கு மேலாக வளைத்து இடக்காதைத் தொடச் சொன்னார் ஆசிரியர். விரல் எட்டிற்று, வயது ஐந்து என்றார். ஜூன் திங்களில் ஒரு நாளைத் தாமே எழுதிக்கொண்டார். தாய்க்கோ ஆடிப் பெருக்கிற்கு முன்னா பின்னா என்பது மட்டுமே நினைவு. சீக்கிரம் சேர்க்க வேண்டும் என்று ஓராண்டு கூட்டி எழுதியவரும் உண்டு. அந்த ஓராண்டு பின்னாளில் ஒரு பிள்ளையைச் சிறாரிலிருந்து பெரியவனாக்கிவிடும் என்பதை அன்று எவர் அறிந்தார்?

2015ஆம் ஆண்டுச் சட்டத்தின் 94ஆம் பிரிவு, வயதை முடிவு செய்யப் பள்ளி தந்த பிறந்த நாள் சான்றையும் பொதுத் தேர்வுச் சான்றிதழையுமே முதலில் கொள்கிறது. அவை இல்லையெனில் நகராட்சி, ஊராட்சியின் பிறப்புச் சான்று. அதுவும் இல்லாதபோதுதான் எலும்புச் சோதனை; அது ஓரிரு ஆண்டு முன்பின்னாகவே காட்டும். ஆகவே பள்ளி செல்லாத பிள்ளைக்குப் படிப்பு மட்டும் இழப்பன்று. தான் பிள்ளை என்பதை மெய்ப்பிக்கும் ஏடும் இழப்பு. வறுமையும் உழைப்பும் முகத்தில் முதுமையை எழுதிவிடுகின்றன. கறுப்பினச் சிறுவரை அவர்தம் உண்மை வயதினும் மூத்தவராகக் காணும் போக்கு அமெரிக்காவில் உண்டு என்று 2014இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டிற்று. கல் சுமந்து காய்த்த நம் பிள்ளையின் கையைக் கண்டு காவலர் என்ன வயது எழுதுவார்?

எனவே, கழகத்தின் இளைஞர்களுக்கு நாம் வைக்கும் வேலைத் திட்டம் எளியது. தெருவில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தையின் பிறப்பையும் 21 நாட்களுக்குள் பதிவு செய்வியுங்கள், அதற்குக் கட்டணமில்லை. 2023 அக்டோபர் 1ஆம் நாளுக்குப் பின் பிறந்தோர்க்குப் பள்ளியில் சேரவும் அச்சான்றே ஆவணம். பள்ளியை விட்டு நின்ற பிள்ளையின் மாற்றுச் சான்றிதழை வாங்கிப் பெட்டியில் வையுங்கள். எந்தப் பிள்ளையேனும் பிடிபட்டால், அவனைக் காவல் நிலையக் கொட்டடியில் அடைக்கலாகாது, 24 மணி நேரத்திற்குள் சிறார் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும், பெற்றோர்க்குச் சொல்லியனுப்ப வேண்டும், இலவச வழக்கறிஞரைப் பெற உரிமையுண்டு என்பவற்றை மனப்பாடமாக அறிந்திருங்கள். தீர்ப்பே வந்துவிட்ட பின்னரும் வயதைக் குறித்து முறையிடச் சட்டம் இடம் தருகிறது என்பதையும் மறவாதீர்.

முடிவாக ஒன்று. குமரப் பருவத்து மூளையைத் தோழர் கூட்டம் வளைக்கும் என்றோம். எந்தக் கூட்டம் என்பதுதான் கேள்வி. சாராயக் கடை வாயிலும் ஒரு கூட்டம். இம்மாலைப் பள்ளியின் விளக்கடியும் ஒரு கூட்டம். எது பயன்படுகிறதோ அந்த நரம்பிணைப்பே வலுப்பெறும் என்பது அறிவியல். 25 ஆண்டுகளாக இக்கழகம் ஏற்றி வைத்த விளக்கு, அந்தப் பருவத்துப் பிள்ளைகளுக்கு அமர்ந்து படிக்க ஓர் இடம் தந்தது. அல்கோலுவின் அச்சிறுவனுக்கு அருகில் நிற்க ஒருவரும் இல்லை. நம் பிள்ளை எவனும் அவ்வாறு தனியே நிற்க விடோம் என இவ்விழா நாளில் உறுதி பூணுவோம்.